கோடாலிக் காம்புத் தண்ணீர்

பதினோரு வருஷமாக அந்த வீட்டின் முன்னறையில் மரக்கடைசல் இயந்திரம் ஓடுகிறது. பதினோரு வருஷமாக மாமனார் அதைக் "கட்டை உருட்டறது" என்றுதான் சொல்லி வருகிறார். மருமகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "வீட்லதான் இருக்கா, கட்டை உருட்டறா" என்பார். மாடிப்படிக் கைப்பிடிக்கு ஒரே அச்சாக நாற்பது கால்கள் கடைந்து அடுக்கியிருக்கும்போதுகூட, அவற்றைத் தாண்டிக் குதித்துப் போய்க்கொண்டே இதைச் சொல்லுவார். கடைசல்காரி பல்லைக் கடித்துக்கொள்வாள். பதினோரு வருஷம் கடித்ததில் அவள் பல் தேயாமல் இருந்ததே பெரிய விஷயம்.

மாமனார் முப்பத்திரண்டு வருஷம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்றது உத்தியோகம்தான், பரிசோதனை இல்லை. பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பார். குழாயை இறுக்கி மூடியிருக்கிறார்களா என்று திருகிப் பார்ப்பார். மகன் வாங்கி வரும் வாழைப்பழச் சீப்பில் பழத்தை எண்ணுவார். வீட்டில் அவருக்குச் 'செக்கர்' என்று பெயர். அவர் காதில் விழாதபடி வைத்த பெயர், அவருக்கும் தெரியும். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்றுதான். நாலாவது காலைக் கையில் பிடித்துக் காட்டினால், அது வேறு முயலுடையது என்பார்.

அவருக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் யாரோ ஒருவர், வேங்கை மரத்தில் கடைந்த தம்ளரில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் குடித்தால் சர்க்கரை இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்று சொல்லிவிட்டார். சொன்னவருக்குச் சர்க்கரை இருந்ததா, இருந்தால் போனதா என்று எதையும் செக்கர் பரிசோதிக்கவில்லை. ஊரையே சந்தேகப்படுகிற ஆள் ஒன்றை நம்ப ஆரம்பித்தால் இப்படித்தான், மொத்தமாக நம்பிவிடுவார்.

"வீட்லயே மெஷின் இருக்கு. ஒரு தம்ளர் கடைஞ்சு தரக்கூடாதா?"

"கடையலாம் மாமா. வேங்கை வேணுமே. அது என்ன கீரைக்கட்டா, போனவுடனே வாங்கிட்டு வர?"

"மரக்கடைல கேளு."

"கேட்டேன். இப்ப இல்லைன்னுட்டார்."

"நல்லா கேட்டியா?"

இந்த 'நல்லா கேட்டியா'வை நாற்பது நாள் கேட்டார். சாப்பிடும்போது கேட்டார், உளி தீட்டும்போது கேட்டார், அவள் குளியலறையில் இருக்கும்போது கதவுக்கு வெளியே நின்று கேட்டார். கணவனிடம் சொன்னால் அவனிடம் ஒரே பதில்தான் உண்டு. அவன் லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதியில் நின்றுபோன லிப்டையெல்லாம் ஓட்டி வைப்பவன், வீட்டில் எது நின்றாலும் "பார்த்துக்கலாம்" என்பான். இந்த முறை கொஞ்சம் கூடவே யோசித்து, "ஏதாவது ஒரு தம்ளர் செஞ்சு குடுத்துடேன், வாயாவது அடங்கும்" என்றான். பிறகு நடந்ததற்கெல்லாம் வித்து இந்த 'ஏதாவது'தான். ஆனால் அதை ஊன்றியவள் தான்தான் என்று கடைசல்காரிக்குத் தெரியும்.

நாற்பத்தோராம் நாள் காலையில் அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் இயந்திரத்தை ஓட்டிவிட்டாள். கையில் கிடைத்தது கருவேலங்கட்டை. கோடாலிக் காம்புக்கு அறுத்தது போக மிச்சமிருந்த அடித்துண்டு. செக்கச் செவேலென்று வைரம் பாய்ந்தது, உளியை எதிர்த்து நிற்கும். புளி, வாகை, ஈட்டி, கருவேலம், வேங்கை எல்லாம் அவரைக்காய் வகையறா, ஒரே குடும்பம் என்று மரக்கடைக்காரர் அடிக்கடி சொல்வார். ஒரு குடும்பத்துக்குள் ஆளை மாற்றிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பல்பொடியில் போடுகிற மரம்தானே, ஆளைக் கொல்லாது. மாத்திரையும் ஒரு பக்கம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அரை மணி நேரத்தில் எரிச்சலோடு எரிச்சலாக ஒரு தம்ளரைக் கடைந்து, உப்புத்தாள் போட்டும் போடாமலும் அவர் கையில் திணித்தாள்.

"வேங்கையா?"

"வேங்கைதான்."

செக்கர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். தண்ணீர் ஊற்றி வைத்தார். மறுநாள் காலையில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. கருவேலத்தில் துவர்ப்புச் சத்து நிறைய உண்டு, எந்தத் தண்ணீரில் போட்டாலும் சாயம் இறங்கும். அவருக்கு அது தெரியாது. தண்ணீர் நிறம் மாற வேண்டும் என்று மட்டும்தான் நடைப்பயிற்சி ஆள் சொல்லியிருந்தார். நிறம் மாறியது, டிக்கெட் செல்லும் என்று தலையாட்டிக் குடித்துவிட்டார்.

சனியன் விட்டது என்று அவள் மூச்சு விட்ட நேரத்தில்தான் வேறொன்று பிடித்தது. ஒரு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருந்தது. தம்ளர் வந்த சந்தோஷத்தில் இனிப்பை விட்டிருந்தார், நடையைக் கூட்டியிருந்தார், குறையத்தானே செய்யும். செக்கர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினார். எதிர்க்கடைத் தையல்காரரை வீட்டுக்கே கூட்டி வந்தார்.

"பாருங்க. மருமக கடைஞ்சது. இந்தத் தெருவுல எவ இப்படி ஒரு பாத்திரம் கடைவா? மெஷின் எல்லாரும் வாங்கலாம். கை வேணும், கை."

உளியோடு நின்றிருந்த கடைசல்காரி தேள் கொட்டிய திருடனைப் போல வாயைத் திறக்க முடியாமல் நின்றாள். அந்த மனுஷன் வாயிலிருந்து அவளுடைய கையைப் பற்றி ஒரு நல்ல சொல் வருவது அதுவே முதல் தடவை. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பேச்சு அவளுக்கு இனித்தது. மறுநாளும் அதைக் கேட்க வேண்டும்போல இருந்தது, மறுநாளும் கேட்டாள். தையல்காரர் தனக்கும் ஒரு தம்ளர் வேண்டும் என்றபோது, "கட்டை வரட்டும்ண்ணே" என்று தள்ளிப் போட்டாள். அவர் வாரம் தவறாமல் கட்டை வந்ததா என்று கேட்டார். செக்கருக்குத் தம்பி ஒருவர் தெருவுக்கு எதிர்ப்பக்கமே பிறந்துவிட்டது போலிருந்தது.

மூன்றாம் மாதம் கோழிப்பண்ணைக்காரர் வந்தார். கடைசலில் விழும் சீவலை மூட்டை மூட்டையாக அவர்தான் வாங்கிப் போவார், கோழிக்குக் கீழே பரப்புவதற்கு. அன்று வாங்க வரவில்லை. ஒரு மூட்டையைத் திருப்பிக் கொண்டு வந்திருந்தார்.

"ஏம்மா, எங்கோழிக்கு எதுக்கு மாத்திரை?"

"என்ன மாத்திரை?"

அவர் மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டுக் கிளறினார். சிவப்புச் சீவலுக்குள்ளே வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள். அவள் உட்கார்ந்து பொறுக்கினாள். முப்பது வரைக்கும் பொறுக்கியவள் அதற்கு மேல் பொறுக்கவில்லை. தினமும் காலையில் செக்கர் முன்னறைக்கு வந்து, "என்ன, கட்டை உருளுதா?" என்று சீவல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுப் போவது அவளுக்கு நினைவு வந்தது. முன்பெல்லாம் அப்படி நிற்க மாட்டார். தன் வேலையில் அவருக்கு அக்கறை வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"கோழிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள்.

"ரெண்டு கோழி தள்ளாடுதும்மா" என்றார் அவர்.

அவள் உள்ளே போனாள். செக்கர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், காலில் காலுறை. வீட்டுக்குள், வெயில் காலத்தில், காலுறை. ஒரு வாரமாக அதைப் பார்த்தும், கிழவருக்கு இது என்ன புதுக் கூத்து என்று அவள் விட்டிருந்தாள்.

"காலுறையைக் கழட்டுங்க மாமா."

"எதுக்கு?"

"கழட்டுங்க."

இடது காலின் சுண்டுவிரல் கறுத்து வீங்கியிருந்தது. பக்கவாட்டில் ஒரு புண், ஓரமெல்லாம் வெள்ளையாக ஊறிப்போய். வாடை வந்தது. எப்போதோ ஒரு மரச்சிம்பு குத்தியதாம். அதுவும் இந்த முன்னறையில்தான் குத்தியிருக்கும்.

"மாத்திரைய எத்தனை நாளா சீவல்ல போடறீங்க?"

"ரெண்டு மாசமா. அதான் தண்ணி வேலை செய்யுதே. ரெண்டும் சேர்ந்தா ரொம்ப இறங்கிடும்."

"வலிக்கலையா இது?"

"வலியே இல்லம்மா. கெட்ட நீர் வெளிய போகுது. வேங்கை அப்படித்தான் உள்ள இருக்கறத எல்லாம் வெளிய தள்ளும்."

அவள் தெருமுனைக் கிளினிக் நர்ஸை வீட்டுக்கு அழைத்து வந்தாள். நர்ஸ் விரலில் குத்தி ரத்தம் எடுத்து எண்ணைப் பார்த்தாள், புண்ணைப் பார்த்தாள், கடைசல்காரியைத் தனியாகக் கூப்பிட்டாள். "வலிக்கலைன்னு சொல்றார் பாருங்க, அதுதான் பயம். நாளைக்குள்ள ஆஸ்பத்திரில சேருங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டா விரலோட நிக்காது, பாதம் போயிடும்" என்றாள். இதையே உள்ளே வந்து செக்கரிடமும் சொன்னாள். செக்கர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் பதினைஞ்சு நாள் பார்ப்போம். தம்ளர் ஆரம்பிச்சத தம்ளரே முடிக்கும்" என்றார்.

நர்ஸ் போன பிறகு கடைசல்காரி அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். மூன்று மாதமாகத் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்டாள்.

"மாமா, அது வேங்கை இல்ல. கருவேலம். கோடாலிக் காம்பு போடற கட்டை. உங்க தொல்லை தாங்காம பொய் சொன்னேன். அந்தத் தண்ணில ஒண்ணும் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வாங்க."

செக்கர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் பேருந்தில் பார்த்த பார்வை அது. பிறகு சிரித்தார்.

"டிக்கெட் இல்லாதவன் மூஞ்சிய லட்சம் பார்த்தவன் நான். அன்னிக்கு நீ வேங்கைன்னு சொன்னப்போ உன் மூஞ்சில பொய் இல்ல. இப்ப சொல்றதுதான் பொய். என்னை ஆஸ்பத்திரில தள்ளறதுக்குச் சொல்ற. நல்ல மனசுலதான் சொல்ற, இல்லைங்கல."

கடைசல்காரிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. வாழ்க்கையில் இந்த மனுஷனிடம் அவள் சொன்ன ஒரே பொய்யை அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்; உண்மையை விழுந்து விழுந்து சொன்னால் பரிசோதகராகி உட்கார்ந்துவிட்டார். கணவனுக்குப் போன் போட்டாள். அவன் ஏதோ ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் தொங்கிக்கொண்டிருந்தான்.

"அப்பாவப் பத்தித்தான் தெரியுமே. நான் சாயந்தரம் வந்து பேசறேன். பார்த்துக்கலாம்."

"எதைப் பார்த்துக்கலாம்? பாதம் போனப்புறம் மீதிக் காலைப் பார்த்துக்கலாமா? உங்க பார்த்துக்கலாம்ல கொள்ளி வைக்க. சாயந்தரம் இல்ல, இப்பவே இறங்கி வண்டி பிடிச்சுட்டு வாங்க" என்று போனை வைத்தாள். கல்யாணமான நாளாக அவனிடம் அவள் இப்படிப் பேசியதில்லை. இவ்வளவு காலம் பேசாமல் இருந்தது தப்பு என்றும் பட்டது.

பேசிப் பயனில்லை, காட்டத்தான் வேண்டும். நேரே மரக்கடைக்குப் போனாள். மரக்கடைக்காரர் வழக்கம்போல வேங்கை இல்லை என்றார். அவள் நகரவில்லை. இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய நிலைச்சட்டங்கள் மூலையில் சாய்த்திருந்தன. ஒவ்வொன்றிலும் நகத்தளவு செதுக்கி, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். ஐந்தாவது சட்டத்தில் விரல் மஞ்சளானது.

"இது வேங்கை."

"அது ஜோடியாத்தான் குடுப்பேன். ஒண்ண எடுத்தா இன்னொண்ணு எவன் வாங்குவான்?"

"எனக்கு ஒரு சாண் போதும்ண்ணே. அறுத்துக் குடுங்க."

"நிலைச்சட்டத்துல ஒரு சாணா? ஏம்மா, புளின்னா கறி வெட்டற கட்டைக்கு ஆச்சுன்னு துண்டு போடுவேன். வாகைன்னா போனாப் போகுதுன்னு விடுவேன். வேங்கைய எவனாவது..."

"ஒரே குடும்பம், அவரைக்காய் வகையறான்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"ஒரே குடும்பம்னா ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் செய்வாங்களா? உங்க வீட்ல செய்யறாங்களா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மரக்கடைக்காரர் பதறிப்போனார். பதினோரு வருஷமாக அவளிடம் பேரம் பேசித் தோற்றிருக்கிறார், அழுது பார்த்ததில்லை. வேறெதுவும் கேட்காமல் ரம்பத்தை எடுத்துச் சட்டத்தின் அடியில் ஒரு சாண் அறுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது உச்சிவெயில். அந்த நேரம்தான் வேண்டும். வேங்கை கடைந்த நாட்களில் அவள் கை கழுவிய வாளித் தண்ணீர் வெயில் பட்டால் நீலம் காட்டும், அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். வேறு எந்த மரத்துக்கும் அந்த வாளி அப்படிக் காட்டியதில்லை. கருவேலத்துக்குச் சத்தியமாகக் காட்டாது.

வாசலில் முக்காலியைப் போட்டாள். செக்கரின் நாற்காலியை அவரோடு சேர்த்து இழுத்து வந்து வெயிலோரம் வைத்தாள்.

"பரிசோதனை பண்ணப் போறேன். நீங்களே பண்ணுங்க, நான் எதையும் தொடல."

பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முதுகு நிமிர்ந்தது. கண்ணாடித் தம்ளர் இரண்டையும் தானே துடைத்தார். ஒரே குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து வரச் சொன்னார். அளவு ஒன்றுதானா என்று குனிந்து பார்த்து, ஒன்றில் ஒரு சொட்டு குறைக்கச் சொன்னார். புதுக் கட்டையிலிருந்து அவள் சீவலை எடுக்க, அதை அவரே ஒன்றில் போட்டார். தன்னுடைய தம்ளரின் அடியிலிருந்து அவரே உளியால் கொஞ்சம் சுரண்டி மற்றதில் போட்டார். இரண்டையும் கலக்கினார். எது எது என்று மாறிப்போகக்கூடாதென்று ஒன்றின் கீழே ஒரு பழைய பேருந்துச் சீட்டை வைத்தார்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தண்ணீரும் நிறம் மாறின. ஒன்று பழுப்பு, ஒன்று மஞ்சள் கலந்த பழுப்பு.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் செக்கர்.

"பின்னாடி கறுப்பா ஏதாவது வைக்கணும்."

அவரே உள்ளே நொண்டிப் போய்த் தன்னுடைய பழைய தோல் பையை எடுத்து வந்தார். உத்தியோகத்தில் தோளில் மாட்டியிருந்த கறுப்புப் பை. அதைப் பின்னால் நிறுத்தி, வெயில் நேராக விழும்படி தம்ளர்களை நகர்த்தினார்.

வேங்கைத் தண்ணீரின் ஓரமெல்லாம் நீலம் எழுந்தது. தீக்குச்சியின் அடிச்சுடர் போன்ற நீலம். பக்கத்துத் தம்ளர் பழுப்பாகவே இருந்தது. செக்கர் தம்ளர்களை இடம் மாற்றினார். நீலமும் கூடவே இடம் மாறியது. சீட்டு எதன் கீழே இருக்கிறது என்று தூக்கிப் பார்த்தார். பையைத் திருப்பி வைத்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார். கடைசியில் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப மூணு மாசமா நான் குடிச்சது?"

"கோடாலிக் காம்புத் தண்ணி மாமா."

செக்கர் அவள் பக்கம் திரும்பினார்.

"என் தொல்லை தாங்காம செஞ்சே, சரி. ரிப்போர்ட் வந்தப்போ ஏன் சொல்லல? அப்பவே சொல்லிருந்தா நான் மாத்திரைய விட்டிருக்க மாட்டேனே."

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். இதற்குத்தான் மூன்று மாதமாகப் பயந்தாள்.

"தையல்காரர்கிட்ட என் கையைப் பத்திப் பெருமையாப் பேசினீங்க. பதினோரு வருஷத்துல அதான் முதல் தடவை. உண்மையச் சொன்னா அது போயிடும்னு சொல்லல. தப்புதான் மாமா. உங்க கால் இப்படி ஆனதுக்கு நான்தான் காரணம். என்ன வேணா திட்டுங்க, ஆனா வண்டில ஏறித் திட்டுங்க."

செக்கர் அவளைத் திட்டவில்லை. நீலம் காட்டிய தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "இந்தக் கட்டை ஒரு தம்ளருக்குக் காணுமா?" என்றார்.

அவ்வளவுதான். கடைசல்காரி எழுந்தாள்; இடித்த வேகத்தில் முக்காலி மேலிருந்த தம்ளர்கள் தளும்பின. "மாமா, உங்களுக்குக் கையெடுத்துக் கும்பிடறேன். நிஜ வேங்கையும் மாத்திரை கிடையாது. நீலமாத் தெரியும், மஞ்சளாத் தெரியும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உங்க காலுக்கு வைத்தியம் அதுல இருக்குன்னு எவன் சொன்னான்? அந்த நடைப்பயிற்சி ஆளோட டிக்கெட்ட ஒருநாளாவது வாங்கிப் பார்த்தீங்களா?"

வாசலில் வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய கணவன் கையில் எண்ணெய்க் கறையோடு, "அப்பா, பார்த்து..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். செக்கர் இரண்டு தம்ளர் தண்ணீரையும் தானே வாசலில் கொட்டிவிட்டு, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். சுண்டுவிரலை எடுக்க வேண்டி வந்தது, பாதம் தப்பியது. இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் கதையே வேறு என்று டாக்டர் சொன்னபோது, கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசல்காரி பதினெட்டு நாளும் போய் வந்தாள். செக்கர் அவளிடம் அதிகம் பேசவில்லை. கட்டு மாற்றுகிறார்களா, மருந்துப் புட்டியில் தேதி சரியா என்று பார்ப்பதிலேயே நேரம் போனது. அந்தப் பேசாமை அவளை அறுத்தது. போன விரல் அவருடையது, போட்ட பொய் அவளுடையது. இனி அந்த வாயிலிருந்து 'கட்டை உருட்டறா' என்று வந்தால்கூடப் போதும் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் தையல்காரர் பார்க்க வந்தார். கடைசல்காரி முன்னறையில் கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசை மேல் அந்தத் தம்ளர் இருந்தது. அதைச் செக்கர் எப்போது எடுத்து வைத்தார் என்று அவளுக்குத் தெரியாது. தூக்கி எறிந்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தாள். அதற்குள்ளே மாத்திரை அட்டைகள் செருகியிருந்தன, காலை ஒரு பக்கம், ராத்திரி ஒரு பக்கம்.

"இதான அந்த வேங்கைத் தம்ளர்?" என்றார் தையல்காரர். "எனக்கும் கேட்டிருந்தேன், உங்க மருமக கட்டை வரலைன்னே சொல்லிட்டிருக்கா."

கடைசல்காரி இயந்திரத்தை நிறுத்தினாள். சக்கரம் சுற்றி ஓய்ந்தது.

"வேங்கை இல்ல" என்றார் செக்கர். "கருவேலம். கோடாலிக் காம்புக் கட்டை."

"அப்ப நீங்க சொன்னது?"

"நான் சரியாப் பரிசோதிக்கல. நீங்க மாத்திரைய நிறுத்திடலையே?"

"இல்லல்ல."

"நிறுத்தாதீங்க." தம்ளரைத் தையல்காரர் பக்கம் நகர்த்தினார். "மரத்த விடுங்க. கடைசலப் பாருங்க. மூணு மாசம் தண்ணி நின்னிருக்கு, ஒரு விரிசல் இல்ல, ஒரு சொட்டு ஒழுகல. பக்கவாட்டுல விரல வச்சுப் பாருங்க, சமமா இருக்கா? கருவேலம் உளிக்கு அடங்காத மரமாம், மரக்கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். அதுல இத்தனை சுத்தமா எடுத்திருக்கா."

கடைசல்காரி உளியைக் கீழே வைத்தாள். கண் கரித்தது. மரத்தூள் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் இயந்திரம் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

"ஆனா ஒண்ணு" என்றார் செக்கர் அதே மூச்சில், "விளிம்பு தடிப்பு. உதட்டுல இடிக்கும். அவசரத்துல விட்டிருக்கா."

அவ்வளவு நேரம் கரைந்துகொண்டிருந்த நெஞ்சு சுரீரென்றது. எழுந்து விறுவிறுவென்று உள்ளே போய், மாத்திரை அட்டைகளை மேசை மேல் எடுத்து வைத்துவிட்டுத் தம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எந்த விளிம்பு தடிப்பு? வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துச் சுற்றிலும் தடவினாள். ஒரு பக்கம் சரியாக இருந்தது. மறுபக்கம் ஒரு நூல் அளவு கூடுதலாகத் தடித்திருந்தது.

கிழவர் சரியாகத்தான் பார்த்திருந்தார். தம்ளரை இயந்திரத்தில் பூட்டிவிட்டு, அவள் உளியைத் தீட்ட ஆரம்பித்தாள்.